வேலன் ஊர் ரீஸ்லிங்: ஜே. ஜே. ப்ரூம் இனிப்பு ஒயின்களோடு ஐந்து வருடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிப்பு ஒயின் என்றாலே முகம் சுளிக்கிற ஆளாக இருந்தவன் நான். ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் அடித்தட்டில், விலையை மட்டும் பார்த்து, மூன்று யூரோவுக்கு ஒரு பாட்டில் எடுத்தேன். இருமல் மருந்தில் தண்ணீர் கலந்தது போல இருந்தது, மறுநாள் தலைவலி வேறு. அன்றிலிருந்து லேபிளில் 'லீப்ளிஷ்' என்று பார்த்தாலே கையை இழுத்துக்கொள்வேன். லீப்ளிஷ் என்றால் இனிப்பானது. ஏழெட்டு வருடம் இந்தக் கொள்கையில் உறுதியாக இருந்தேன், அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

கூட வேலை பார்க்கும் ஒருவர் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். ஒல்லியாக, உயரமாக, பச்சை நிறத்தில், தோள்பட்டையே இல்லாத பாட்டில் (மோசல் ஆற்றுப் பக்கத்து ஒயின்கள் இந்தப் பச்சைப் பாட்டிலில் வரும், ரைன் பக்கத்து ஒயின்களுக்குப் பழுப்பு நிறம்தான் வழக்கம்). அந்தக் காலத்துப் பத்திரத்தாள் மாதிரி ஒரு லேபிள், அதில் ஜே. ஜே. ப்ரூம், வேலனர் சோனனூர், ரீஸ்லிங் கபினெட் என்று இருந்தது. வேலனர் சோனனூர்! கேட்டால் முசிறிக்கும் துறையூருக்கும் நடுவில் ஏதோ ஒரு கிராமம் போல இல்லை? ஜெர்மனில் 'ஊர்' என்றால் கடிகாரம். வேலன் கிராமத்துச் சூரியக் கடிகாரம் என்று அர்த்தம். அது ஒரு திராட்சை மலைச்சரிவின் பெயர். ரீஸ்லிங் ஒரு வெள்ளைத் திராட்சை வகை, கபினெட் என்பது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்று சொல்லும் படிநிலை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஐந்து வருடத்தில் ஜே. ஜே. ப்ரூம் என்கிற அந்த ஒயின் தயாரிக்கும் வீட்டின் இருபது பாட்டிலாவது திறந்திருப்பேன். அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

வேலன் என்கிற கிராமம் மோசல் ஆற்றங்கரையில் இருக்கிறது, பெர்ன்காஸ்டல்-கூஸ் என்கிற சின்ன ஊரோடு சேர்ந்தது. கோப்ளென்ஸிலிருந்து விட்லிஷ் வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடித்துப் போனேன். கிராமம் ஆற்றின் இடது கரையில், தோட்டம் எதிர்க்கரையில், நடுவில் ஒரு தொங்குபாலம். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்பார்களே, இங்கே வேலன் கீழே தண்ணீரோரம் இருந்துகொண்டு குன்றை அக்கரையில் நிறுத்திவைத்திருக்கிறான். பாலத்தைத் தாண்டி ஏற ஆரம்பித்தால்தான் அந்தச் சரிவு என்னவென்று புரியும். சில இடங்களில் 70 சதவீதம் வரை சரிவு, அதாவது நூறு மீட்டர் முன்னே போவதற்குள் எழுபது மீட்டர் மேலே ஏறியிருப்போம். டிராக்டர் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஆற்றுக்குள் போய்விடும். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கம்பு நட்டு, அதில் கட்டி, மனிதர்கள் கையால்தான் வேலை செய்கிறார்கள், அறுவடையும் கையால்தான்.

காலடியில் மண் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உடைந்த சிலேட்டுக் கற்கள். நாம் ஒன்றாம் வகுப்பில் பல்பத்தால் எழுதி எச்சில் தொட்டு அழித்தோமே, அதே சிலேட்டுக் கல்தான், நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், மிதித்தால் சலசலவென்று சரிகிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் மெதுவாகச் சூட்டை விடும். இவ்வளவு வடக்கே, இவ்வளவு குளிரில் திராட்சை பழுப்பதற்கு அந்தக் கல்லும், தென்மேற்கு பார்த்த சரிவும், கீழே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஆறும்தான் காரணம் என்கிறார்கள். சரிவின் நடுவில் ஒரு பாறையில் அந்தச் சூரியக் கடிகாரம் இருக்கிறது. 1842-இல் யோடோக்குஸ் ப்ரூம் என்பவர் வைத்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நேரம் தெரியட்டும் என்று வைத்தாராம். நான் போன நாளில் மேகம், நேரம் பார்க்க செல்போனைத்தான் எடுத்தேன்.

சரி, ப்ரூம் குடும்பம். கடைக்குப் போய் 'ப்ரூம் கொடுங்கள்' என்று கேட்டுவிடாதீர்கள், நான் முதல் தடவை அப்படித்தான் கேட்டு வேறு பாட்டிலோடு வந்தேன். இந்தப் பகுதியில் ப்ரூம் என்கிற பெயர் அரை டஜன் லேபிளில் இருக்கிறது. எல்லாம் பாகப்பிரிவினைதான். ஒரே பெரிய குடும்பச் சொத்து, 1911-இல் வாரிசுகளுக்குள் பிரிக்கப்பட்டது. பங்காளிகள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒயின் போட ஆரம்பிக்க, யோஹான் யோசஃப் ப்ரூம் என்பவர் தன் பங்கில் ஆரம்பித்ததுதான் இந்த ஜே. ஜே. அவருக்குப் பிறகு மகன் செபாஸ்டியன், 1969-இலிருந்து பேரன் மன்ஃபிரெட், இப்போது அவருடைய மகள் கத்தரீனா. மன்ஃபிரெட்டும் சரி கத்தரீனாவும் சரி, சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். பாகப்பிரிவினையில் ஆரம்பித்த குடும்பத்துக்குப் பொருத்தமான படிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது?

பதநீர் குடித்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் புளித்துக் கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று போதையாக மாற்றுகிறது, அவ்வளவுதான். திராட்சைச் சாற்றில் அது முழுக்கத் தின்று முடித்தால் இனிப்பே இல்லாத ஒயின், ஜெர்மன்காரர்கள் ட்ரோக்கன் என்பார்கள். மோசலில் நிலவறையின் குளிரில் ஈஸ்ட் சோம்பேறியாகி நடுவழியில் நிற்கும், அல்லது இன்னும் குளிரவைத்து, கந்தகம் சேர்த்து நிறுத்துவார்கள். தின்னாமல் மிச்சம் விட்ட சர்க்கரைதான் அந்த இனிப்பு. கபினெட், ஷ்பேட்லேசே மாதிரிப் படிநிலைப் பெயர் போட்ட ஒயினில் நொதிக்கும் முன் சாற்றில் சர்க்கரை சேர்ப்பதைச் சட்டமே தடை செய்கிறது. பாதியில் நிற்பதால் போதையும் குறைவு, இவர்களுடைய கபினெட் 8, 9 சதவீதத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. சாதாரணச் சிவப்பு ஒயின் 13, 14 இருக்கும்.

மோசல் கபினெட்டில் லிட்டருக்கு நாற்பது ஐம்பது கிராம் சர்க்கரை சாதாரணம். அடேயப்பா என்று தோன்றும். ஆனால் கோலாவில் நூறு கிராமுக்கு மேல் இருக்கிறது, அதில் பாதிகூட இல்லை இது. அப்புறம் புளிப்பு. ரீஸ்லிங்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. எலுமிச்சை ஜூஸில் சர்க்கரை போடாவிட்டால் பல் கூசும், சர்க்கரை மட்டும் போட்டால் சர்பத், இரண்டும் சரியாக நின்றால் இனிப்பா புளிப்பா என்று கேட்கவே தோன்றாது, டம்ளர் காலியாகிவிடும். நான் குடித்த அந்த மூன்று யூரோ பாட்டிலில் இல்லாதது இந்தப் புளிப்புதான். இனிப்பு ஒயினை வெறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் புளிப்பில்லாத இனிப்பைத்தான் வெறுத்திருக்கிறேன். இது புரிய எனக்கு ஏழெட்டு வருடம் ஆயிற்று.

இனி எச்சரிக்கை. இளம் ப்ரூம் ஒயினைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வருவது பழவாசனை இல்லை. தீக்குச்சி உரசிய வாசனை, தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெரு மாதிரி. கொஞ்சம் கரியமில வாயுக் குமிழியும் இருக்கும், நாக்கில் சுருக்கென்று குத்தும். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல் தானாக நொதிக்கவிடுவது, காற்று படாமல் காப்பாற்றுவது, இதெல்லாம் சேர்ந்து வருகிற வாசனை, இந்த வீட்டின் கையெழுத்து என்றே சொல்கிறார்கள். முதல் பாட்டிலைத் திறந்தபோது எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இருந்தார், எண்பதுகளில் இங்கே வந்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நெருப்புப்பெட்டி மாதிரி மணக்குது, பழுதாப்போட்டுது போல" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். "இல்லை அண்ணை, இது இப்படித்தானாம்" என்று, அன்பளிப்பு கொடுத்தவர் சொன்னதை நம்பி, ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து ஊற்றினால் வேறு ஒயின். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், மழை விழுந்த கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை, கோப்பையை மட்டும் இன்னொரு தடவை நீட்டினார்.

ஆகவே, வாங்கிய அன்றே திறந்து, முகர்ந்து, கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாதீர்கள். முடிந்தால் நாலைந்து வருடம் மறந்துவிடுங்கள். முடியாவிட்டால் ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம். அதுவும் முடியாவிட்டால் இந்த ஒயின் உங்களுக்கு வேண்டாம், அதே ஆற்றங்கரையில் திறந்தவுடன் சிரிக்கிற ஒயின்கள் நிறைய உண்டு.

படிநிலைகள் பற்றி. திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதை வைத்துத்தான் கபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே என்று பெயர் வைக்கிறார்கள். சாற்றின் அடர்த்தியை எக்ஸ்லே என்கிற அளவில் பார்ப்பார்கள், 1971 ஒயின் சட்டம் இதையெல்லாம் கறாராக வகுத்து வைத்திருக்கிறது. அதற்கு மேலே பேரன்அவுஸ்லேசே, உச்சியில் ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசே. இந்தக் கடைசிப் பெயரில் 'ட்ரோக்கன்' இருக்கிறதே, இனிப்பில்லாதது போல என்று நினைத்துவிட வேண்டாம். காய்ந்து உலர்ந்த பழம் என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரு வகைப் பூஞ்சை பிடித்து, நீர் வற்றி, உலர்திராட்சை போலச் சுருங்கிய பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிழிவது, குறைந்தபட்சம் 150 எக்ஸ்லே, இருப்பதிலேயே இனிப்பானது, விலை நம் வீட்டுக்கு ஆகாது. நான் குடித்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

குடித்ததைச் சொல்கிறேன். 2018 கபினெட், வெயில் கொளுத்திய வருடம், மெத்தென்று இருந்தது, பழுத்த பீச் பழ வாசம், யாருக்கும் பிடிக்கும், ஆனால் எனக்குக் கொஞ்சம் முனை மழுங்கியது போலத் தோன்றியது. 2021 அதற்கு நேர் எதிர், மழையும் குளிருமாகப் போன வருடம், புளிப்பு கத்தி மாதிரி. முதல் வாயில் தோள் குலுங்கிப்போயிற்று, மூன்றாவது வாயில் இதுதான் இந்த வீட்டின் நல்ல கபினெட் என்று முடிவு செய்துவிட்டேன். அன்று மாலைக்குள் பாட்டிலை இரண்டு பேர் முடித்தோம், எழுந்து நேராக நடந்தும் போனோம். போதை குறைவாக இருப்பதன் அருமை இது.

ஷ்பேட்லேசேயில் இனிப்பும் கனமும் ஒரு படி கூட. இளசில் குடித்தால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, கபினெட்டின் அந்த ஓட்டம் இல்லாமல் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு ஒயின் பாரில் 2009 ஷ்பேட்லேசே கோப்பைக் கணக்கில் கிடைத்தது, அதைக் குடித்த பிறகுதான் ஏன் இத்தனை பேர் இந்த வீட்டு ஒயினை நிலவறையில் வருடக்கணக்கில் அடைகாக்கிறார்கள் என்று விளங்கியது. சர்க்கரை எங்கேயும் போயிருக்க வழியில்லை, ஆனால் நாக்குக்கு இனிப்பு பாதியாகக் குறைந்தது போல இருக்கிறது. தேன், காய்ந்த ஆப்பிள், அடியில் லேசாகப் பெட்ரோல் வாசனை. ஆமாம், பெட்ரோல்தான். வயதான ரீஸ்லிங்கில் வருகிற இயல்பான வாசனை, பங்க் பக்கம் போகும்போது மூக்கு விரிகிற ரகமாக இருந்தால் உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். தீக்குச்சி வாசனை சுத்தமாகக் காணோம்.

அவுஸ்லேசே இரண்டு தடவை குடித்திருக்கிறேன், இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் அரைக் கோப்பைக்கு மேல் எனக்கு ஓடவில்லை. சாப்பாட்டோடு அது வேண்டாம். சாப்பாடு முடிந்து, பேச்சும் முடிந்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போது சரி. பாட்டில் வாயில் தங்க நிற உறை போட்டு வருகிற அவுஸ்லேசேக்கள் இன்னும் அடர்த்தி, இன்னும் விலை, அந்த உறையிலும் நீளமானது குட்டையானது என்று பேதம் உண்டு. இதெல்லாம் ட்ரியரில் நடக்கும் ஒயின் ஏலத்துக்குப் போகிறவர்களின் உலகம், நான் வேடிக்கை பார்க்கிறவன்.

தோட்டங்களில், சோனனூர் தவிர பக்கத்து கிராமத்து கிராஹர் ஹிம்மல்ரைஷ் பாட்டிலும் இவர்களிடம் உண்டு. ஹிம்மல்ரைஷ் என்றால் சொர்க்க ராஜ்யம். பெயருக்குப் பயப்பட வேண்டாம், சோனனூரைவிட நாலைந்து யூரோ குறைவாகவே பார்த்திருக்கிறேன். சோனனூர் கொஞ்சம் வழவழப்பு, ஹிம்மல்ரைஷ் கொஞ்சம் முரட்டுத்தனம். முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் ஹிம்மல்ரைஷ் கபினெட்டைத்தான் சொல்வேன்.

விலை என்று பார்த்தால், நான் வாங்கிய கபினெட்கள் 25-இலிருந்து 35 யூரோவுக்குள், ஷ்பேட்லேசே அதற்கு மேலே பத்து யூரோ. தினமும் குடிக்கிற விலை இல்லை. ஆனால் இதே அளவு பெயரும் பழமையும் உள்ள பிரெஞ்சு வீடுகளின் பாட்டில்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்தால், இது தப்பித்த விலை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஜெர்மன் இனிப்பு ஒயின் என்றாலே மட்டம் என்கிற எண்ணம் உலகத்தில் ஊறிப்போயிருக்கிறது, நானே அதற்குச் சாட்சி. அந்த எண்ணம் இருக்கிற வரைக்கும் நமக்கு லாபம்.

எங்கே வாங்குவது என்பதில் ஒன்றே ஒன்று. ஒரு கடையில், பெயர் வேண்டாம், பழைய வருடத்து ரீஸ்லிங் பாட்டில்களை ஜன்னல் ஓரம் வெயிலில் நிற்கவைத்து விற்றார்கள். ஆசையில் ஒன்று (வேறொரு தோட்டத்து பாட்டில்) வாங்கிப்போய்த் திறந்தால் டீ டிகாக்‌ஷன் நிறம், சுவையும் ஏறக்குறைய அதேதான். பழைய பாட்டில் வாங்கினால் எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். நேரில் போகிறவர்கள் ப்ரூம் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லாமல் போக வேண்டாம், அது குடும்பம் வாழ்கிற வீடு. நான் உள்ளே போகவில்லை, மலையேறிவிட்டு கூஸ் பக்கம் இருக்கிற பழைய மருத்துவமனை வளாகத்துக்கு வந்துவிட்டேன். பதினைந்தாம் நூற்றாண்டில் நிக்கோலாஸ் குசானுஸ் என்கிற கார்டினல் ஏழை முதியவர்களுக்காகக் கட்டிய இடம், இன்றும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது, அதற்கென்று சொந்தத் திராட்சைத் தோட்டமும் உண்டு. நிலவறையில் மோசல் ஒயின்களை வரிசையாகச் சுவைத்துப் பார்க்கலாம். கார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

அந்தப் பக்கம் போனால் ஆற்றுக்கு மேலே நூற்றைம்பது மீட்டருக்கும் அதிக உயரத்தில் ஒரு ராட்சதப் பாலம் தெரியும். 2019-இல் திறந்தது. கட்டும்போது ஒயின்காரர்கள் பலர் எதிர்த்தார்கள், மலையின் நீரோட்டம் கெடும், காட்சி கெடும் என்று. காட்சியைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி என்றுதான் எனக்குத் தோன்றியது.

சாப்பாடு. இங்குள்ளவர்கள் ஆற்று மீனோடும் புகை போட்ட பன்றி இறைச்சியோடும் குடிக்கிறார்கள், நன்றாகவே சேர்கிறது. நம் சமையலோடு நான் பார்த்தவரை, காரத்துக்கு இந்த இனிப்பும் குறைந்த போதையும் நல்ல துணை. காரச் சாப்பாட்டோடு 14 சதவீதச் சிவப்பு ஒயின் குடித்தால் வாய் இன்னும் எரியும், இது தணிக்கிறது. பச்சை மிளகாய் போட்ட இறால் தொக்கோடு 2018 கபினெட் அபாரம். மிளகுக் கோழியும் சரி. வத்தக்குழம்போடு முயன்றேன், தோல்வி, புளியும் புளிப்பும் சண்டை போட்டுக்கொண்டன. தேங்காய்ப்பால் போட்ட மீன் சொதி அண்ணை வீட்டில், அதோடு ஹிம்மல்ரைஷ், அதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். குளிர்சாதனப்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள், ஐஸ் மாதிரி இருந்தால் வாசனையெல்லாம் உள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

குறை என்று சொன்னால், லேபிள். எவ்வளவு இனிப்பு என்று எந்த இடத்திலும் எளிதாகத் தெரியாது, ஊர்ப் பெயர், தோட்டப் பெயர், படிநிலை என்று மூன்று தெரிந்திருந்தால்தான் படிக்க முடியும். இது மோசல் முழுக்க இருக்கிற பழக்கம், இவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் கபினெட் என்கிற பெயரைப் பார்த்து லேசானது என்று ஏமாறக்கூடாது, போதையில்தான் லேசு. கரகரவென்று வறண்ட ஒயின்தான் வேண்டும் என்பவர்களுக்கும் இது இடமில்லை, அவர்களுக்கு அதே ஆற்றில் ட்ரோக்கன் ரீஸ்லிங் போடுகிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

என் கட்டடத்து நிலவறையில், பழைய சைக்கிளுக்குப் பின்னால், 2021 ஷ்பேட்லேசே மூன்று பாட்டில் படுக்கவைத்திருக்கிறேன். அண்ணை வரும்போதெல்லாம் அது என்னவாயிற்று என்று கேட்கிறார். 2031 என்று சொல்லியிருக்கிறேன். "அதுவரைக்கும் நான் இருக்கவேணுமே தம்பி" என்றார் போன ஞாயிற்றுக்கிழமை. ஒன்றை இந்தக் குளிர்காலத்திலேயே திறந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஜாடியில் இரண்டு மணி நேரம் ஊற்றி வைத்தால் போதும்.